பானைக்குள் போன குரல்

கடைக்காரன் கண்ணாடி மேஜை மேல் ஒரு கறுப்பு ஸ்பீக்கரை வைத்தான். பாட்டைப் போட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தான். மேஜை நடுங்கியது. அதன் மேலிருந்த பேனா உருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. அதில் அவனுக்கு அப்படி ஒரு பெருமை.

"பேஸ் எப்படி அடிக்குது பாருங்கக்கா. மேஜையே அதிருது."

"மேஜை அதிர்ந்து எனக்கு என்ன ஆகணும்? நான் மேஜையா விக்கிறேன்?" என்றாள் பினாயிலக்கா.

அவள் விற்பது பினாயில். தள்ளுவண்டியில் இரண்டு பீப்பாய், ஒரு புனல், ஒரு குவளை, கயிற்றில் கட்டித் தொங்கும் துடைப்பங்கள். எங்கள் பகுதியில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. நான் தையற்காரி. இரண்டாவது மாடியில் ஜன்னலோரம் மெஷின் போட்டு, பள்ளிச் சீருடையும் ஜன்னல் திரையும் தைத்துப் பிழைக்கிறவள். தெருவில் போகிற ஒவ்வொரு வண்டியின் கத்தலும் முதலில் என் காதில் விழுந்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குப் போகும். பழைய சாமான் வாங்குகிறவன், ஐஸ்காரன், கோணி விற்கிறவன், எல்லாருடைய ஸ்பீக்கரையும் உடைத்து அடுப்பில் போட வேண்டும் என்று நான் நினைக்காத நாள் இல்லை. அதனால்தான் அக்கா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். "நீ எல்லாரையும் திட்டுறவ. உன் காதுக்கு ஒத்துக்கிட்டா ஊருக்கே ஒத்துக்கும்" என்றாள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் தெருக்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எல்லாம் நாலு மாடிக் கட்டடங்கள், லிஃப்ட் கிடையாது. ஒரு பாட்டில் பினாயிலுக்காக யாரும் மாடிப்படி இறங்க மாட்டார்கள். தெருவில் குரல் கேட்டதும் ஜன்னலிலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கும். அதில் காலிப் பாட்டிலும் காசும் இருக்கும். கீழே நிற்கிறவள் நிரப்பிவைத்துக் கயிற்றைச் சுண்டினால் கூடை மேலே போகும். மேலே இழுக்கிறவள் அடுப்பையோ பிள்ளையையோ பார்த்துக்கொண்டுதான் இழுப்பாள். எட்டிப் பார்த்தாலும் தெரிவது ஒரு தலை முண்டாசு. விற்கிறவள் முகம் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியும். அந்தக் குரலை நம்பித்தான் கூடை இறங்கும்.

பினாயிலக்காவுக்கு அப்படி ஒரு குரல் இருந்தது. கத்த மாட்டாள், ஆனால் தெருக்கோடியில் ஆரம்பித்தால் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிறவள்வரை போய்ச் சேரும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவள் வாயால்தான் பிழைத்தாள். அவள் புருஷனுக்கு இடுப்பு போன பிறகு வண்டி தள்ள முடியவில்லை. வீட்டுப் பின்கட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவர் பினாயில் கலப்பார். இவள் விற்பாள்.

ஒரு கட்டத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது. பார்த்த டாக்டர், உள்ளே சின்னதாக ஏதோ முளைத்திருக்கிறது, இனிமேல் கத்தினால் இருக்கிற குரலும் போய்விடும் என்று சொல்லிவிட்டார். "அப்ப நான் ஊமையா நின்னா பினாயில் தானா வித்துடுமா?" என்று அவரிடம் அவள் போட்ட சத்தத்திலேயே பாதி போயிருக்கும். மருந்தில் கொஞ்சம் தேறி, குரல் பழையபடி வந்த ஒரு காலையில் என் அறைக்கு வந்தாள். மெஷினை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அவள் போனில் பதிவுசெய்தோம்.

"பினாயிலு... வெள்ளைப் பினாயிலு. பாட்டிலை எறக்குங்க, வழிய வழிய ஊத்தித் தர்றேன். நான்தான் வந்திருக்கேன்."

அவ்வளவுதான். கடைசி வார்த்தையை மட்டும், வீட்டு வாசலில் வந்து நிற்கிற அக்காளைப் போல, சிரித்துக்கொண்டே சொன்னாள். அதற்கப்புறம் அந்தக் குரல் அவளுக்குத் திரும்பவே இல்லை. தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்புதான் மிச்சம். நல்ல குரல் போனில் இருந்தது. அதைத் தெருவில் வெளியே விட ஒரு பெட்டி வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடை.

"பாட்டை நிறுத்துப்பா. இதைப் போடு" என்று போனை நீட்டினாள்.

அவன் போனை ப்ளூடூத்தில் ஸ்பீக்கரோடு இணைத்தான். அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனாள். அங்கே கடைக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னாள்.

"எதுக்கு முதுகு?"

"மேல இருக்கிறவ பெட்டியைப் பார்த்துக்கிட்டா கேக்கப்போறா? பாத்திரம் தேய்ச்சுக்கிட்டுக் கேப்பா."

நடுவில் லாரி போனது, பஸ் போனது. கறுப்புப் பெட்டியிலிருந்து வந்த அவள் குரல் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல இருந்தது. ஏதோ ஒருத்தி ஏதோ சொல்கிறாள் என்று தெரிந்தது. என்ன விற்கிறாள் என்று தெரியவில்லை. அடுத்தது, கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி சொல்லுக்குச் சொல் சீறியது. மூன்றாவது அடக்கமாக வைத்தால் அழகாகப் பேசியது, முழுதாகத் திருகினால் உடைந்து கிழிந்தது. "மெதுவா வச்சா எல்லாரும்தான் நல்லாப் பேசுவாங்க" என்று அதையும் தள்ளிவிட்டாள். இன்னொன்றை வைத்துவிட்டு, போனை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு கட்டட மூலைவரை நடந்தாள். பாட்டில் எடுக்க நாலடி நகர்ந்தால் குரல் அறுந்துவிடக் கூடாதே. அது அறுந்தது. "பினா... பினா... பி..." என்று திக்கியது. கடைக்காரன் சிரித்தான். அவள் பார்த்த பார்வையில் சிரிப்பை மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

கடைசியில் அலமாரியின் கீழ்த்தட்டில் தூசியோடு கிடந்த ஒரு சாம்பல் நிறப் பெட்டியை எடுத்தாள். செங்கல் அளவுதான் இருக்கும்.

"அது வேணாம்க்கா. பேஸே இல்ல, அடிச்சத்தமே இருக்காது. பாட்டு கேட்டா சப்புனு இருக்கும்."

"வீட்டுக்குள்ள உக்கார்ந்து கேக்கிறவனுக்கு அடிவயிறு வேணும். தெருவுல நிக்கிறவளுக்குத் தொண்டை போதும். போடு."

முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். லாரிக்கு மேல், பஸ்ஸுக்கு மேல், அவள் குரல் மெலிசாக ஒரு நூல் மாதிரி வந்தது. சொல் சொல்லாக வந்தது. கடைசியில் சிரித்தது கூடத் தெரிந்தது.

"கேக்குதா டெய்லரம்மா?"

"கேக்குதுக்கா. இதுக்கு நான்கூட ஜன்னலைச் சாத்த மாட்டேன்."

கொஞ்ச காலம் நன்றாகவே போனது. சாம்பல் பெட்டியை வண்டியின் முன்பலகையில் கட்டி, மழை படாமல் பால் கவரை வெட்டிக் குல்லாய் போட்டுவிட்டிருந்தாள். குரல் முன்னே போகும், அவள் வாயைத் திறக்காமல் பின்னே போவாள். கூடைகள் இறங்கும், ஏறும். வாயை மூடி வைத்திருப்பதுதான் அவளுக்குக் கஷ்டம். சாயந்தரம் என் மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே, அந்தக் கரகரத் தொண்டையில் அன்றைய திட்டையெல்லாம் திட்டித் தீர்ப்பாள். அதிகமாகத் திட்டு வாங்கியது அவள் கொழுந்தன்தான்.

புருஷனின் தம்பி. எந்த வேலையிலும் நிலைக்காதவன். பார்த்துப் பாவப்பட்டு, இரண்டாவது வண்டி ஒன்று பூட்டிக் கொடுத்து, ஆற்றுக்கு அந்தப்பக்கத் தெருக்களை அவனுக்கு விட்டிருந்தாள். ஒரே பீப்பாய்ச் சரக்கு, இரண்டு வண்டி. அவனுக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. "அண்ணி, ஒண்ணுக்கு ரெண்டாத் தண்ணி ஊத்தினா எவனுக்குத் தெரியும்? வாசனை இருந்தாப் போதும்" என்றான். அண்ணி குவளையை எடுத்து எறிந்தாள். அவன் வண்டியோடு தனியாகப் போய்விட்டான். தொலைந்தது சனியன் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

பிறகுதான் ஒரு நாள் நாலாவது மாடியிலிருந்து ஒரு கூடை இறங்கியது. அதில் காலிப் பாட்டில் இல்லை, நிறைந்த பாட்டில். மேலிருந்து குரல் வந்தது. "இதைக் கொட்டிட்டு நல்லதா ஊத்து. தரையைத் துடைச்சா பச்சைத் தண்ணியாப் போகுது. உன்னைப் போய் நம்பினேன் பாரு."

நல்ல பினாயிலை ஒரு மூடி தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும். அவள் அங்கேயே குவளைத் தண்ணீரில் அந்தப் பாட்டில் பினாயிலை விட்டுப் பார்த்தாள். கலங்கக்கூட இல்லை. அடுத்த தெருவிலும் ஒரு பாட்டில் அப்படியே திரும்பி வந்தது. மூன்றாவது தெருவில் கூடையே இறங்கவில்லை.

அவள் நேரே வீட்டுக்குப் போய்ப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பு வலிக்குச் சோம்பல்பட்டு நீ தண்ணீரை ஊற்றினாயா, உன் தம்பி புத்தி உனக்கும் வந்துவிட்டதா என்று கிழித்துவிட்டாள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். அந்த மனுஷர் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கக்கூட முடியாமல் உட்கார்ந்து கேட்டாராம். கடைசியில், "என் இடுப்புதான் போச்சு. கை போகல" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். இதை அவளே என்னிடம் வந்து சொன்னாள். சொல்லும்போது கோபம் பாதி, அழுகை பாதி.

அந்த நேரம் பார்த்து நானும் என் பங்குக்கு எண்ணெய் ஊற்றினேன். "அக்கா, உன் ஸ்பீக்கரும் கெட்டுப்போச்சு. நேத்துக் காலையில பானைக்குள்ள இருந்து கூப்பிடுற மாதிரி இருந்துச்சு. நடுநடுவுல திக்குது வேற. எனக்கு மெஷின்ல கையே ஓடல, அவ்வளவு எரிச்சல்."

"என் பெட்டியா? பானையா?"

"என் காதால கேட்டேன்."

சரக்கில் பழி வந்ததைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். பெட்டியைச் சொன்னதும் பொறுக்கவில்லை. வண்டியிலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நானும் அளவு எடுக்க வந்தவளைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கூடவே போனேன். கடையில் நாங்கள் இரண்டு பேரும் போட்ட போடில் வேறு ஏதோ வாங்க வந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள். அவள் கரகரத்தாள், நான் கத்தினேன். ஏமாற்றுக்காரன், தூசிச் சாமானைத் தலையில் கட்டினவன், எல்லாம் சொன்னோம்.

கடைக்காரன் பெட்டியை வாங்கி மேஜை மேல் வைத்து, "போட்டு விடுங்கக்கா. நீங்களே ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்க் கேளுங்க, அன்னிக்குக் கேட்டீங்களே அப்படி" என்றான்.

போனோம். முதுகைக் காட்டி நின்றோம். குரல் வந்தது. அதே நூல் மாதிரி, சொல் சொல்லாக, கடைசிச் சிரிப்பு வரைக்கும் வந்தது. திக்கவும் இல்லை, பானையும் இல்லை.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நேத்துக் காலையில நீ வந்தப்ப இப்படி இல்லக்கா. சத்தியமா."

"நேத்துக் காலையிலயா?" என்றாள் அவள். "நேத்துக் காலையில நான் மூலச்சரக்கு வாங்க மொத்தக் கடைக்குப் போயிட்டேனே. உன் தெருவுக்குச் சாயந்தரம்தானே வந்தேன்."

எங்கள் எதிரே ஒரு பஸ் போனது. பிறகு அவள் அங்கேயே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"என் கொழுந்தன் போன்லயும் அந்தக் குரல் இருக்கு. சேர்ந்து பொழைச்சப்ப நான்தான் போட்டுக் குடுத்தேன். ஒரே குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு குரல்னு."

விஷயம் இப்போது விளங்கியது. தண்ணீர்ப் பினாயிலை ஊற்றி ஊற்றி ஆற்றுக்கு அந்தப்பக்கத் தெருக்களைக் கெடுத்துக்கொண்டவன், அங்கே கூடை இறங்காமல் போனதும், அண்ணி இல்லாத நேரம் பார்த்து அண்ணி தெருக்களுக்குள் அண்ணி குரலோடு வந்திருக்கிறான். மேலே இருக்கிறவளுக்கு என்ன தெரியும்? குரல் கேட்டது, கூடையை இறக்கினாள். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே என்கிற கதைதான். ஊற்றியது அவன், கெட்ட பெயர் குரலுக்கு. இன்னும் கொஞ்ச நாள் போனால் எந்தத் தெருவிலும் அவளுக்குக் கூடை இறங்காது. குரல் கேட்டாலே ஜன்னலைச் சாத்துவார்கள். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் செய்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அது என் ஜன்னலுக்குக் கீழேயே நடந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் காலை அவள் வண்டியை எடுக்கவில்லை. என் அறையில் வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில், தைத்த துணிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள். நான் தைப்பது போல உட்கார்ந்திருந்தேன். ஒரு தையல்கூட நேராக விழவில்லை.

முதலில் வந்தது ஒரு தும்-தும் என்ற அதிர்வு. அதற்குப் பின்னால் குரல். எட்டிப் பார்த்தேன். வண்டியில் சின்னப் பீப்பாய் அளவு ஒரு ஸ்பீக்கர், அதைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாக விளக்கு வேறு மினுக்கியது. வண்டியைப் பாதித் தெருவில் நிறுத்திவிட்டு அவன் போனோடு மூலைக்கடைக்குச் சிகரெட் வாங்கப் போனான். குரல் அங்கேயே தனியாக நின்று திக்கியது. "வெள்ளைப் பி... பி... நான்தா... தா..."

அவள் அலறுவாள் என்று நினைத்தேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், கடையில் கேட்ட மாதிரியே.

"பாவி. பானைக்குள்ள போட்டு வச்சிருக்கான் பாரு" என்றாள். அப்புறம்தான் எழுந்து படியிறங்கி ஓடினாள்.

நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தேன். அவன் திரும்பி வந்து, எதிர்வீட்டு நாலாவது மாடிக் கூடையைப் பிடித்துப் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தான். அண்ணியைக் கண்டதும் ஒரு நொடி பயந்தான். அதற்குள் சுதாரித்துவிட்டான்.

"என்ன அண்ணி, இந்தப் பக்கம்?"

"என் தெருவுல நின்னுக்கிட்டு என்னைக் கேக்கிறியா? நிறுத்துடா அதை."

"நீங்கதானே அண்ணி உங்க கையால போட்டுக் குடுத்தீங்க."

"சேர்ந்து இருந்தப்பக் குடுத்தது."

"குரல் என்ன நகையா, பிரியறப்போ கழட்டி வாங்கிக்க?"

எனக்கு வந்த கோபத்துக்குக் கையில் இருந்த கத்தரிக்கோலைக் கீழே போடாமல் இருந்தது பெரிய காரியம். அவளுக்குக் கோபத்தில் தொண்டை முழுதாக அடைத்துக்கொண்டது. திட்ட வாயைத் திறந்தால் காற்றும் கரகரப்பும்தான் வந்தன. நாலாவது மாடியிலிருந்து கூடைக்காரி எட்டிப் பார்த்தாள்.

"யாரும்மா நீ? என்ன தகராறு அங்க? பினாயில்காரம்மா எங்க?"

"நான்தாம்மா பினாயில்காரி" என்றாள் அக்கா.

"நீயா? உன் குரல் இப்படியா இருக்கும்?"

அந்த நேரம், பக்கத்திலிருந்த பெட்டி தன் சுற்றை முடித்துக்கொண்டு, சிரித்தபடி சொன்னது: "நான்தான் வந்திருக்கேன்."

அவன் அதை நிறுத்தவில்லை. நிறுத்தாமல் நின்றுகொண்டு மேலே பார்த்தான். நான் என் ஜன்னலிலிருந்து, இவள்தான் உண்மையான ஆள், தொண்டை கெட்டுப்போய்விட்டது, அது பழைய பதிவு, இவன் திருடன் என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். எனக்கு ஸ்பீக்கர் தேவைப்படவில்லை. நாலாவது மாடிக்காரி இரண்டு பக்கமும் பார்த்தாள். "எனக்கு எதுக்கு உங்க வீட்டுச் சண்டை? இனிமே ரெண்டு பேர்கிட்டயும் வாங்கறதா இல்ல" என்று கூடையை வெறுமனே இழுத்துக்கொண்டாள். ஜன்னல் சாத்திக்கொண்டது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு சாத்திக்கொண்டன.

அவன் விளக்கு மினுக்கிக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அவள் நடுத்தெருவில் நின்றாள். சொந்தக் குரல் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவளைப் பார்த்து வந்திருக்கேன், வந்திருக்கேன் என்று சொல்லிக்கொண்டே போனது.

அடுத்த நாள் அவள் வந்த வேகத்தில் என் வீட்டுக் கதவு சுவரில் மோதியது. "மெஷினை நிறுத்து. ஃபேனை நிறுத்து. ஜன்னலைச் சாத்து."

போனை மேஜை மேல் வைத்துப் பேச ஆரம்பித்தாள். கரகரப்பை மறைக்கக் குரலை ஒடுக்கி, இனிப்புத் தடவி, "பினாயிலு..." என்று இழுத்தாள். கேட்க எனக்குக் கூசியது. திரும்பவும் செய்தாள். அது இன்னும் மோசம்.

"யாரை ஏமாத்தப் பாக்கிற?" என்றேன். "அந்தக் குரல் உனக்கு இனிமே வராது. வர்றதைப் பேசு."

"வராதுன்னு சொல்ல நீ யாருடி?" என்று என் மேல் பாய்ந்தாள். முதல் தடவையாக என்னை 'டி' போட்டாள். கண்ணெல்லாம் சிவந்துவிட்டது. அதே கோபத்தில், என்னைப் பார்த்துக்கொண்டே, பொத்தானை அழுத்திப் பேசினாள்.

"பினாயில்காரி பேசுறேன். தொண்டை கெட்டுப்போச்சு, சரக்கு கெட்டுப்போகல. ஒரு மூடி தண்ணியில விட்டுப் பாருங்க, பாலா வெளுக்கலேன்னா திருப்பி ஊத்துங்க. பழைய குரல் கேட்டா கூடையை எறக்காதீங்க. அதுல நான் இல்ல."

நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. நாங்கள் இரண்டு பேரும் அதைத் திருப்பிக் கேட்கவே இல்லை. பிறகு அவள் பழைய பதிவைத் தேடி எடுத்தாள்.

"அக்கா, அது இருக்கட்டுமே. உனக்குன்னு வச்சுக்கோ."

"எதுக்கு? அவன் வாயில வச்ச எச்சி. என் வீட்ல இருக்கக் கூடாது." அழித்துவிட்டாள். வீட்டில் அதைக் கேட்டுவிட்டு அவள் புருஷன், "எனக்கு ஒரு தரம் போட்டுக் காட்டிட்டு அழிச்சிருக்கலாம்" என்றாராம். அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம்.

புதிய குரலைச் சாம்பல் பெட்டியில் போட்டுக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மெஷினை முழு வேகத்தில் ஓட்டினேன். கெட்டித்துணி, மோட்டார் கதறியது. அந்தக் கதறலுக்கு நடுவே, அரம் போட்ட மாதிரி அவள் குரல் அறுத்துக்கொண்டு வந்தது. பழைய குரல் நூல் மாதிரி வரும் என்றேனே, இது கம்பி. ஒரு சொல் விடாமல் கேட்டது. 'கெட்டுப்போகல' என்கிற இடத்தில் என் கால் தானாக மிதியை விட்டது. எட்டிப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினேன்.

அன்றைக்கு இறங்கியது இரண்டே கூடை. அவள் மறுநாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள். கோபம் மூக்கு நுனியில் இருக்கிறவளுக்கு இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. என் நினைப்பு, அது பொறுமை இல்லை. அதுவும் கோபம்தான்.

பிறகு எதிர்வீட்டு நாலாவது மாடிக் கூடை மெதுவாக ஆடி ஆடி இறங்கியது. அவசரமாக இறங்குகிற கூடை அப்படி இறங்காது. உள்ளே பாட்டில் இல்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் முக்கால்வாசித் தண்ணீர். அக்கா அதை எடுக்காமல், கூடையில் வைத்தபடியே ஒரு மூடி பினாயிலை விட்டாள். கயிற்றைச் சுண்டினாள். எதிரே என் ஜன்னல் உயரத்தைத் தாண்டி மேலே போகும்போது பார்த்தேன், டம்ளர் பால் மாதிரி வெளுத்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கூடை படபடவென்று இறங்கியது. அதில் இரண்டு காலிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன.

தெரு முழுக்க டம்ளர் இறங்க ஆரம்பித்தது. அவள் அலுத்துக்கொண்டே ஒவ்வொன்றிலும் மூடி மூடியாக ஊற்றினாள். கொழுந்தன் இன்னும் இரண்டு தடவை வந்து பார்த்தான். பழைய குரல் நான்தான் வந்திருக்கேன் என்று கூப்பிட்டபடி தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை போனது. ஒரு கூடையும் இறங்கவில்லை. மூன்றாவது மாடிக் கிழவர் ஒருவர் மட்டும் மேலிருந்து ஒரு வாளித் தண்ணீரை இறக்கினார், கயிறு கட்டாமல். அதற்கப்புறம் அவன் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. பெரிய சாலையோடு போய்விடுகிறான்.

போன வாரம் சாயந்தரம் அவள் வழக்கம்போல என் மாடிப்படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெரிய சாலைப் பக்கமிருந்து தும்-தும் என்று கேட்டது. பிறகு அந்தக் குரல். இப்போது உலகத்தில் அது இருக்கிற இடம் அந்த மினுக்குப் பெட்டி ஒன்றுதான். நான் அவளைப் பார்த்தேன். டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது. வெள்ளைப் பினாயிலு, பாட்டிலை எறக்குங்க, எல்லாம் கேட்டாள். கடைசிச் சிரிப்புக்காகத் தலையைச் சாய்த்தாள். அது தும்-தும்மில் அமுங்கிவிட்டது.

"நல்லாத்தான் இருந்திருக்கு, இல்ல?" என்றாள்.

"ஆமாக்கா."

மிச்சத் தண்ணீரைப் படியில் விசிறி ஊற்றிவிட்டு எழுந்தாள்.

"அவனை வழியில எங்கயாவது பாத்தியானா சொல்லு. திருடினது திருடினான், அந்தப் பேஸையாவது குறைச்சு வைக்கச் சொல்லு."